30 அகதி விழுது, கவனம்!

போன மாசம் ஹரோவில ஒரு பிறந்தநாள் வீடு. சொந்தக்காரப் பிள்ளைக்கு ஒன்பது வயசு. வழமையான பிறந்தநாள்தான். மட்டன் ரோல்ஸ், கேக், குசினிக்குள்ள பொம்பிளையளின்ர சத்தம், முன்னறையில ஆம்பிளையளின்ர அரசியல். ஒரேயொரு வித்தியாசம், ரீவி ஆம்பிளையளிட்ட இல்லை. பெடியள் பிடிச்சு வைச்சிருந்தாங்கள். நின்ரெண்டோ சுவிச்சில ஏதோவொரு பழைய விளையாட்டைப் போட்டு ரெண்டு பேர் மாறிமாறி அடிபட்டுக்கொண்டிருந்தாங்கள்.

எனக்குப் பக்கத்துக் கதிரையில குட்டி அண்ணை. (பேர்தான் குட்டி. ஆள் ஆறடி.) அவர் டோவர்ப் பக்கம் ரப்பர் வள்ளத்தில வந்து இறங்குற ஆக்களைப் பற்றிக் கதைச்சுக்கொண்டிருந்தார். கதைச்சுக்கொண்டு எண்டு சொல்லுறது மரியாதைக்கு. ஏசிக்கொண்டிருந்தார்.

"உவங்கள் இப்பிடி வந்து குவிஞ்சுகொண்டே இருந்தா ஒரு நாடு எவ்வளவைத் தாங்கும்? எங்களை மாதிரி அடிபட்டு உதைபட்டு வந்தவையெண்டாப் பரவாயில்லை. உவங்கள் எல்லாம் காசுக்கு வாறவங்கள்."

சரியா அந்த நேரம் பாத்து ரீவியில ஒரு பெட்டிக்குள்ள சாம்பல் நிறத்தில உருண்டை உருண்டையாக் கொட்டினது. பெட்டி நிறைஞ்சுபோச்சு. தோத்த பெடியன் "ஓ நோ, ரபிஷ்!" எண்டு கத்தினான். நான் ரீவியைப் பாத்தன். பிறகு குட்டி அண்ணையைப் பாத்தன்.

"அண்ணை, உது என்னெண்டு தெரியுதோ?"

அவர் கண்ணாடியை நெத்தியிலயிருந்து இறக்கிப்போட்டு வடிவாப் பாத்தார். "அட, எங்கட பீன்ஸ் எல்லே!" எண்டார். முகம் எல்லாம் சிரிப்பு. வள்ளம் மறந்துபோச்சு.

எனக்கு மறக்கேல்லை. அதுதான் இதை எழுதுறன்.

தெரியாதவைக்காக முதல்ல விளையாட்டைச் சொல்லவேணும். மேலயிருந்து கட்டையள் விழுந்து அடுக்குப்படுற விளையாட்டு எண்டா எல்லாருக்கும் ரெற்றிஸ்தான் ஞாபகம் வரும். அலெக்சி பஜித்னோவ் எண்டவர் 1984 இல மொஸ்கோவில செய்தது. அதில நிறம் வெறும் அழகுக்கு, வடிவம்தான் கணக்கு. நிறத்தைப் பொருத்துற வகை பிறகு வந்தது. 1990 இல சேகாவின்ர 'கொலம்ஸ்', அதே வருசம் நின்ரெண்டோவின்ர 'டொக்ரர் மாரியோ'. அடுத்த வருசம், 1991 இல, ஹிரோஷிமாவில இருந்த கொம்பைல் எண்ட கொம்பனி 'புயோ புயோ'வை விட்டது. மற்ற ரெண்டையும் தனிய இருந்து விளையாடலாம். புயோ புயோ வேற சாதி. எதிராளியோட சண்டை பிடிக்கேக்கதான் அதின்ர உண்மையான ருசி.

ரெண்டு பேருக்கும் ஆளுக்கொரு பெட்டி. அகலம் 6, உயரம் 12. மேலயிருந்து ரெண்டு ரெண்டாச் சோடியா நிற உருண்டையள் விழும். ஒரே நிறத்தில நாலு தொட்டுக்கொண்டு நிண்டா மறைஞ்சுபோகும். அதுக்கு மேல இருந்தது சரிஞ்சு விழ, அதில இன்னொரு நாலு சேர்ந்தா அதுவும் போகும். இப்பிடியே தொடுத்துக்கொண்டு போறதுதான் சங்கிலி. நீங்கள் சங்கிலி போட்டா உங்கட பெட்டி வெளிக்கும். அதோட எதிராளியின்ர பெட்டிக்குள்ள நிறமில்லாத உருண்டையள் கொட்டும். எந்த நிறத்தோடயும் சேராத, ஒண்டுக்கும் உதவாத உருண்டை. அது வந்து குந்தினா அந்தாளின்ர அடுக்கெல்லாம் குழம்பும். பெட்டி வாய்வரைக்கும் நிறைஞ்சா ஆள் முடிஞ்சுது.

இந்த விளையாட்டு ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் வரேக்க சொந்த முகத்தோட வரேல்லை. ஜப்பானில அதின்ர கதாநாயகி ஆர்லே எண்டொரு மந்திரம் படிக்கிற பெட்டை. அவளை இஞ்ச ஆருக்குத் தெரியும்? அதால சேகாக்காரர் அவளை வெட்டிப்போட்டு, சொனிக் கார்ட்டூனில வாற வில்லன் டொக்ரர் றொபொற்னிக்கின்ர படத்தை ஒட்டினாங்கள். 1993 இல 'டொக்ரர் றொபொற்னிக்ஸ் மீன் பீன் மெஷின்' எண்ட பேரில மெகா ட்ரைவுக்கு வந்தது. உள்ளுக்க அதே புயோ புயோ, வெளியில வேற ஆள். எங்கட பாசையில சொன்னால், தலைமாத்தின பாஸ்போட்டில வந்தது.

நான் வந்ததும் அப்பிடித்தான். 1992 கடைசியில.

1995 கோடையில நாங்கள் ஈஸ்ற் ஹாமில ஒரு வீட்டின்ர மேல் அறை ரெண்டில ஆறு பேர் இருந்தம். குட்டி அண்ணைதான் மூத்தவர், சமையலும் அவர்தான். ஒரு புங்குடுதீவுப் பெடியன், ஒரு மட்டக்களப்புப் பெடியன், வல்வெட்டித்துறை ஆள் ஒருத்தர், கதைக்கவே கதைக்காத ஒரு வவுனியா அண்ணை, நான். எல்லாருக்கும் வழக்கு நிலுவையில. கடிதம் வரும் வரும் எண்டு தபால்காரன் வாற நேரம் ஒவ்வொருத்தரா ஏதோவொரு சாட்டில படியால இறங்கிப் போறது. எனக்கு ஒரு பெற்றோல் ஸ்ரேசனில இரவு வேலை. வீட்டில எந்த நேரமும் ரெண்டு பேர் நித்திரை, ரெண்டு பேர் வேலை, ரெண்டு பேர் முழிப்பு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை புங்குடுதீவான் கார் பூட் சேலுக்குப் போய் பழைய மெகா ட்ரைவ் ஒண்டையும் மூண்டு கசற்றையும் தூக்கிக்கொண்டு வந்தான். ஒண்டு கார் ஓட்டம், ஒண்டு உதைபந்து. மூண்டாவதில சொனிக்கின்ர ஆக்களின்ர படம் இருக்குது எண்டு நம்பி வாங்கினவன். போட்டுப் பாத்தா சொனிக் ஒரு இடத்திலயும் இல்லை. முதல் நாள் அவனைப் பகிடி பண்ணியே கொண்டுபோட்டம். அடுத்த கிழமை மற்ற ரெண்டு கசற்றையும் ஒருத்தரும் தொடேல்லை.

ஏன் பிடிச்சது எண்டு இப்ப யோசிக்கிறன். பாசை தேவையில்லை. வெள்ளைக்காரன்ர பகிடி விளங்கத் தேவையில்லை. நிறங்கள் பிடிபட்டாச் சரி. அதோட ஒரு ஆட்டம் ரெண்டு நிமிசத்தில முடியும். இரவு வேலைக்கு வெளிக்கிடுறவன் சப்பாத்துப் போட முன்னம் ஒரு ஆட்டம் அடிச்சிட்டுப் போகலாம். வவுனியா அண்ணை கூட வந்து குந்தினார். அவர் விளையாடுறதிலயும் கதை இல்லை. பேசாமல் இருந்து கட்டிக்கட்டி, திடீரெண்டு நாலு சங்கிலி போடுவார். எங்களுக்குப் பெட்டி நிறைஞ்சிடும்.

அந்தப் பெட்டியோட ஒரு சின்னப் புத்தகமும் இருந்தது. விளையாடுற விதம் எழுதின புத்தகம். நான் அப்ப இங்கிலிஸ் படிக்கவேணும் எண்ட வெறியில தேத்தண்ணிப் பெட்டியில இருக்கிற எழுத்தையும் விடாமல் வாசிக்கிற காலம். ஒருநாள் விடியப்புறம் வேலையால வந்து, நித்திரை வராமல் அதை எடுத்து வாசிச்சன். எதிராளியின்ர பக்கத்தில கொட்டுற நிறமில்லாத உருண்டைக்கு அதில ஒரு பேர் போட்டிருந்தாங்கள்.

'ரெஃபியூஜி பீன்ஸ்.'

அகதி பீன்ஸ்!

நான் ரெண்டாந்தரம் வாசிச்சன். அந்தச் சொல்லுக்கு எனக்கு அகராதி தேவையில்லை. என்ர பேருக்கு முன்னமே நான் இங்கிலிசில எழுதப் பழகின சொல் அது. நித்திரையில கிடந்த குட்டி அண்ணையை உலுப்பி எழுப்பிக் காட்டினன். அவர் ஒரு கண்ணைத் துறந்து பாத்திட்டு, சிரிக்கத் துவங்கினவர் நிப்பாட்டேல்லை. மற்றவங்களும் எழும்பிவிட்டாங்கள். காலமை ஆறு மணிக்கு ஆறு அகதியள் கட்டிலில இருந்து வயிறு நோகச் சிரிச்சதை நினைச்சா இப்பவும் சிரிப்பு வருது. கீழ்வீட்டுக் கிழவி தும்புத்தடியால தட்டினவ.

அண்டையிலயிருந்து எங்கட வீட்டில அதுக்கு வேற பேர் இல்லை. உந்த விளையாட்டில கொட்டப்போற கணக்கை மேல சின்ன அடையாளமாக் காட்டும். சின்னது எண்டால் 1, பெரிசு எண்டால் 6, இன்னொரு அடையாளம் 30. ஒரே தரத்தில விழக்கூடியதும் 30 தான், அஞ்சு வரிசை. குட்டி அண்ணை குசினிக்குள்ள நிண்டு ரீவியை எட்டிப் பாத்துக் கத்துவார்: "டேய், 30 அகதி விழுது, கவனம்!"

அந்தக் கத்தல் கத்தின மனிசன்தான் போன மாசம் "வந்து குவியுறாங்கள்" எண்டு சொன்னவர்.

அந்தப் பேரை வைச்சவையில எனக்குக் கோவம் இல்லை. அப்பவும் இல்லை, இப்பவும் இல்லை. கதைப்படி பாத்தால், றொபொற்னிக் பீன்வில் எண்ட ஊரின்ர சந்தோசமான பீன்ஸ் எல்லாத்தையும் பிடிச்சுக்கொண்டு போய் அடிமை றோபோக்களா மாத்தப் பாக்கிறான். அவனிட்டயிருந்து தப்பி வந்து பக்கத்துப் பெட்டிக்குள்ள விழுறதை அகதி எண்டு சொன்னால் பொருந்தும் எண்டு ஆரோ யோசிச்சிருப்பினம். கெட்ட எண்ணம் இருந்திருக்கும் எண்டு நான் நினைக்கேல்லை. எண்டாலும் அகதி எண்டவுடன அவையளுக்கு உடன வந்த படம் என்னெண்டு பாருங்கோ. மேலயிருந்து கொட்டுறது. நிறமில்லாதது. இடத்தைப் பிடிக்கிறது. அடுத்தவன்ர ஒழுங்கைக் குழப்பிறது. ஒரு ஆள் நிண்டு யோசிக்காமல் வாயில வந்த சொல்லிலதான் உண்மையான நினைப்பு இருக்கும்.

ஜப்பான் பாசையில அந்த உருண்டைக்கு 'ஒஜாமா புயோ' எண்டு பேர். ஒஜாமா எண்டால் இடைஞ்சல். எனக்குப் பிறகுதான் தெரியவந்தது, ஜப்பான்காரர் இன்னொருத்தர் வீட்டுக்குள்ள கால் வைக்கேக்க சொல்லுற மரியாதைச் சொல்லும் அதேதான். 'ஒஜாமா ஷிமாசு', உங்களுக்கு இடைஞ்சல் தரப்போறன் எண்டு சொல்லிக்கொண்டு செருப்பைக் கழட்டுவினமாம். அதுக்கு வீட்டுக்காரர் உள்ள வாங்கோ எண்டுதான் சொல்லுவினம். எனக்கு அந்தச் சொல்லைப் பிடிச்சுப்போச்சு. வாறவனே இடைஞ்சல் எண்டு ஒத்துக்கொள்ளுறான், இருக்கிறவன் வா எண்டுறான். ரெண்டு பக்கத்துக்கும் ஒரு மரியாதை. அதே விளையாட்டை அமெரிக்காவில 1995 இல நின்ரெண்டோவின்ர கேர்பி எண்ட உருண்டைப் பொம்மையின்ர முகத்தை ஒட்டி வித்தாங்கள். அதில இந்தச் சனியனுக்குப் பேர் பாறாங்கல்லு. மூண்டு பேரிலயும் மோசமானது எது எண்டு கேட்டால் நான் பாறாங்கல்லைத்தான் சொல்லுவன்.

சரி, பேரை விடுவம். விளையாட்டு ஓடுற விதம் எனக்கு அதைவிட உறைக்குது.

நிற உருண்டையள் தங்கட நிறத்தைக் கண்டவுடன ஒட்டிக்கொள்ளும். திரையில பாத்தாலே தெரியும், ஒண்டோட ஒண்டு கைகோத்த மாதிரி. சாம்பல் உருண்டை ஒட்டாது. நிறத்தோடயும் ஒட்டாது, தன்ர ஆளோடயும் ஒட்டாது. முப்பது சாம்பல் பக்கத்தில பக்கத்தில இருந்தாலும் முப்பதும் தனித்தனிதான். நாலு சேர்ந்து மறையிற சட்டம் அதுக்கு இல்லை. எங்கட வீட்டில ஆறு பேர் இருந்தம் எண்டு சொன்னன். ஒரே சட்டியில சாப்பிட்டம். ஆனா வல்வெட்டித்துறையாருக்கும் வவுனியா அண்ணைக்கும் கதை இல்லை. ரெண்டு பேரும் வேற வேற இயக்கத்தில இருந்தவை. அவர் கதைக்காததுக்குக் காரணம் எனக்கு ரெண்டு வருசத்துக்குப் பிறகுதான் விளங்கினது. மட்டக்களப்பானை எல்லாரும் ஏதோ வெளிநாட்டுக்காரன் மாதிரி நடத்தினம், நானும்தான்.

சாம்பல் உருண்டை ஒரு வழியாலதான் போகும். அதுக்குப் பக்கத்தில நிக்கிற நிறக்காரர் நாலு பேர் சேர்ந்து மறைஞ்சா, தொட்டுக்கொண்டு நிண்ட சாம்பலும் சேர்ந்து போகும். பக்கத்து ஆளில தங்கித்தான் அதின்ர விடுதலை. இதைப் பற்றி நான் கனக்கச் சொல்லத் தேவையில்லை. எங்களில எத்தினை பேருக்கு முதல் வேலை, முதல் அறை, முதல் வக்கீல் எல்லாம் பக்கத்தில தற்செயலா நிண்ட ஒராளால கிடைச்சது எண்டு நீங்களே எண்ணிப் பாருங்கோ. எனக்குப் பெற்றோல் ஸ்ரேசன் வேலை எடுத்துத் தந்தது ஒரு குஜராத்திக் கிழவர். அவரை உகண்டாவிலயிருந்து 1972 இல இடி அமீன் கலைச்சவன்.

இன்னொண்டு இருக்கு. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரமும் தயங்கினனான்.

அகதி உருண்டை எங்கயிருந்து வருது? வானத்தாலயில்லை. ஒருத்தன் தன்ர பெட்டியை ஒழுங்காக்கிறான். ஒரே நிறத்தை ஒரே இடத்தில சேர்க்கிறான். சேர்த்து வெளிக்க வைக்கிறான். அவன்ர பெட்டி எவ்வளவு வடிவா வெளிக்குதோ, அவ்வளவு அகதி மற்றவன்ர பெட்டிக்குள்ள விழும். கெட்டிக்காரத்தனத்துக்குக் கிடைக்கிற புள்ளியே அதுதான்.

1990 ஒக்ரோபர் 30. எனக்கு அப்ப 19 வயசு. யாழ்ப்பாணத்து முஸ்லிம் சனத்தை ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள வெளிக்கிடச் சொல்லிப் புலியள் உத்தரவு போட்டவை. அந்த மாசத்தில வடக்கிலயிருந்து கலைக்கப்பட்டது 70,000 பேருக்கு மேல. கனபேர் புத்தளத்தில போய் விழுந்தவை. நான் அண்டைக்கு ஐஞ்சு சந்திப் பக்கம் சைக்கிளில நிண்டு பாத்துக்கொண்டு நிண்டனான். என்ர பள்ளிக்கூடச் சேட்டெல்லாம் தைச்ச தையல்காரர் ஒரு பிள்ளையைத் தோளிலயும் ஒண்டைக் கையிலயும் பிடிச்சுக்கொண்டு நடந்து போனவர். என்னைக் கண்டவர். நான் தலையைக் குனிஞ்சனான். வீட்ட வந்து அம்மாவுக்குச் சொல்ல, அவ பேசாமல் போய் விளக்குக் கொளுத்தினவ. எங்கட தெருவில ஒருத்தரும் வாய் துறக்கேல்லை. ஊர் வெளிச்சுப்போச்சு எண்டு அடுத்தநாள் ஒருத்தன் சொன்னான். நல்லதுக்கா கெட்டதுக்கா சொன்னான் எண்டு எனக்கு இப்பவும் தெரியாது.

ரெண்டு வருசத்தில நானும் இன்னொருத்தன்ர பெட்டிக்குள்ள விழுந்தன். அதுக்காக ரெண்டும் சரியாப்போச்சு எண்டு நான் சொல்லவரேல்லை.

குட்டி அண்ணையின்ர கதைக்கு வாறன். அவர் மட்டும் இல்லை, இப்ப எங்கட ஆக்களில கனபேர் இப்பிடித்தான் கதைக்கினம். கோயில் வீதியில, கலியாண வீட்டில, வட்ஸ்அப் குழுவில. "நாங்கள் உண்மையான அகதி, உவங்கள் பொய்யர்." இந்தச் சொல் ஆர் வாயிலயிருந்து முதல் வந்தது எண்டு மறந்துபோச்சோ? 1986 ஓகஸ்ட்டில 155 தமிழர் ரெண்டு உயிர்காப்பு வள்ளத்தில நியூபவுண்ட்லாந்துக் கடலில மிதந்தவை. மீன்பிடிகாரர் கண்டு தூக்கினவை. கனடாவில அப்பவே கேட்ட கேள்வி, இவை உண்மையா அடிபட்டு வந்தவையோ எண்டதுதான். 1987 இல எங்கட ஆக்கள் ஹீத்ரோவில வந்து இறங்கின கையோட இஞ்ச ஒரு சட்டம் கொண்டுவந்தவை. சரியான கடுதாசி இல்லாத ஆளை ஏத்திக்கொண்டு வந்தால் விமானக் கொம்பனிக்குத் தலைக்கு 1,000 பவுண் தண்டம். அதே வருசம் ஹார்விச் துறைமுகத்தில 'ஏர்ல் வில்லியம்' எண்ட பழைய கப்பலில தமிழரை அடைச்சு வைச்சிருந்தவை. ஒக்ரோபர் புயலுக்கு அந்தக் கப்பல் கட்டறுத்துக்கொண்டு போனது. 2010 இல 'சன் சீ' கப்பலில 492 பேர் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்குப் போக, அதுக்குள்ள குழந்தையள் எத்தினை எண்டு கேட்ட ஆக்களைவிடப் புலி எத்தினை எண்டு கேட்டவைதான் கூட.

1, 6, 30 எண்டு மேல காட்டுற அடையாளம்தான் எல்லாம். 155. 492. விழப்போற கணக்கு மட்டும்.

2023 இல போர்ட்லண்ட் துறைமுகத்தில 'பிபி ஸ்ரொக்ஹோம்' எண்ட மிதவையில ஆக்களைக் கொண்டுபோய் விட்டபோது குட்டி அண்ணை "அதுதான் சரி" எண்டவர். எனக்கு ஏர்ல் வில்லியம் ஞாபகம் வந்தது. அவருக்கு வரேல்லை. அந்த மிதவையை 2024 கடைசியோட மூடிப்போட்டாங்கள், அவரின்ர கதை மட்டும் மூடேல்லை.

அவற்ர பக்கத்திலயும் ஒரு நியாயம் இருக்கு, மறைக்கக்கூடாது. அவற்ர மகள் கலியாணம் முடிச்சு நாலு வருசமா வீடு எடுக்க ஏலாமல் அலையிறாள். டொக்ரரைப் பாக்க மூண்டு கிழமை. பெட்டி நிறைஞ்சுபோச்சு எண்ட உணர்வு பொய்யில்லை. ஆனா 6 அகலமும் 12 உயரமும் விளையாட்டுப் பெட்டிக்குத்தான். அதில சாம்பல் உருண்டை வந்து குந்திச்செண்டால் குந்தினதுதான். ஈஸ்ற் ஹாமில வந்து குந்தின சாம்பல் உருண்டை ஆறில, இண்டைக்கு ஒண்டு ரெண்டு கடை நடத்தி பதினொரு பேருக்குச் சம்பளம் குடுக்குது. அது குட்டி அண்ணைதான். எந்த விளையாட்டிலயாவது சாம்பல் பீன் வரி கட்டினதை நீங்கள் கண்டனீங்களோ?

இதை நான் அவருக்கு அண்டைக்கே சொன்னனான். கேக் வெட்ட முன்னம், ரோல்ஸ் கையோட.

"நாங்கள் வள்ளத்தில வரேல்லை, பிளேனில வந்தனாங்கள்" எண்டார்.

"ஆற்ர பாஸ்போட்டில வந்தனீங்கள் அண்ணை?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அவர் வந்தது ஒரு மலேசியாக்காரன்ர பாஸ்போட்டில. எனக்குத் தெரியும், அறுபது தரம் அவரே சொல்லிச் சிரிச்ச கதை. முதல் விசாரணையில அவரைப் பாத்து, நீர் உழைக்க வந்த ஆள் எண்டு எழுதினதும் எனக்குத் தெரியும். அந்தக் கடுதாசியை வாசிச்சு மொழிபெயர்த்துச் சொன்னது நான்தான். அண்டைக்கு அவர் சமைக்கேல்லை. எங்கள் ஆறு பேருக்கும் பாணும் சீனிச் சம்பலும்தான். பிறகு ஈ.எல்.ஆர். கிடைச்சு, அதைத் தொட்டு எல்லாம் கிடைச்சது.

"அது வேற" எண்டார் கடைசியில. ஆனா சத்தம் இல்லை.

நான் விட்டிட்டன். பிறந்தநாள் வீட்டில எவ்வளவுதான் கதைக்கிறது. பெடியனொருத்தன் திரும்பி, "மாமா, உங்களுக்கு இது விளையாடத் தெரியுமோ?" எண்டு கேட்டான். குட்டி அண்ணை எனக்கு முன்னம் எழும்பிவிட்டார். இந்த வயசிலயும் ரீவிக்கு முன்னால நிலத்தில சம்மணம் கட்டிக் குந்தினார், முழங்கால் ரெண்டும் முறிஞ்ச சத்தம் குசினிக்குக் கேட்டிருக்கும். நானும் பக்கத்தில குந்தினன். முப்பது வருசத்துக்குப் பிறகு ரெண்டு பேரும். கொன்ட்ரோலர் கைக்குள்ள அடங்காத சின்னன்.

புயோ புயோவின்ர ரெண்டாம் பாகத்தில, 1994 இல ஜப்பானில வந்ததில, ஒரு புதுச் சட்டம் வைச்சவை. உங்கட பக்கத்துக்கு வாற சாம்பலை, நீங்கள் போடுற சங்கிலியால விழமுன்னமே வெட்டலாம். எங்கட பழைய பீன்ஸில அது இல்லை. எதிராளி அனுப்பினால் அனுப்பினதுதான். மேல அடையாளம் வரும், பாத்துக்கொண்டு இருக்கவேணும்.

நான் நல்லாத்தான் கட்டிக்கொண்டு வந்தனான். இடது பக்கம் பச்சை, அதுக்கு மேல மஞ்சள். இன்னும் ரெண்டு சோடி வந்தா மூண்டு சங்கிலி. அதுக்குள்ள குட்டி அண்ணையின்ர பெட்டி படபடவெண்டு வெளிச்சது. எனக்கு மேல அடையாளம் வந்தது. அவர் ரீவியிலயிருந்து கண்ணை எடுக்கேல்லை. பழைய குசினிக் குரல் அப்பிடியே.

"டேய், 30..." எண்டு துவங்கினவர், மற்றச் சொல்லைச் சொல்லேல்லை.

பெடியன் கேட்டான், "முப்பது என்ன தாத்தா?"

அதுக்குள்ள எனக்குப் பெட்டி நிறைஞ்சுபோச்சு.